சிறந்த ஆட்டக்காரரைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

மும்பை மாநகரில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். கிரிக்கெட் பருவம் வந்துவிட்டால் தகப்பனார் சென்னை அணியின் பக்கம் நிற்பார். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மும்பை அணியின் பக்கம் நிற்பார்கள். ஒரே கூடத்தில் இரண்டு கட்சிகள். ஆயினும் இவ்விரு கட்சியாரும் ஒரே குரலில் ஒரே கேள்வியைக் கேட்கும் காலம் ஒன்று உண்டு. அணிகள் தம் ஆட்டக்காரர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் நவம்பர் மாதந்தான் அது. "இவ்வளவு நல்ல ஆட்டக்காரரை எதற்காகக் கொடுத்தார்கள்?" என்பதே அக்கேள்வி.

கேள்வி எளிது, விடை எளிதன்று. கையிலுள்ள சிறந்த ஆட்டக்காரர் ஒருவரைக் கொடுத்துவிட்டு, இன்னும் முகந்தெரியாத இளைஞர்களை நாளை தேர்ந்தெடுக்கும் உரிமையையோ, அவர்களை வாங்குவதற்கான பணத்தையோ பெற்றுக்கொள்வது அறிவுடைமையாகுமா? இதனை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? இவற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இச்சிக்கல் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. உழவர் வீட்டில் அறுவடையான நெல் முழுவதையும் உண்டு தீர்ப்பதில்லை. ஒரு பங்கை விதைநெல்லாகக் கோட்டை கட்டி வைப்பர். பசித்த காலத்தில் அவ்விதைநெல்லின்மேல் கண் செல்லும். அதனையும் குற்றியுண்டால் அடுத்த ஆண்டு வயல் தரிசாகும். ஆனால் வைத்த விதையெல்லாம் முளைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. மழை பொய்க்கலாம்; பூச்சி அரிக்கலாம். புகழ்பெற்ற ஆட்டக்காரர் இன்று உலையிலிடத்தக்க அரிசி, இளைஞர்கள் விதைநெல். எதை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை அவ்வீட்டின் பசியும் வயலின் தன்மையும் உழுபவரின் திறமும் சேர்ந்தே முடிவு செய்யவேண்டும்.

இந்தக் கணக்கை மிக நுட்பமாகப் போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஃபுட்பால் என்று வழங்குவது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். அந்நாட்டின் தொழில்முறைக் கழகங்கள் 1936ஆம் ஆண்டு முதல் ஓர் ஏற்பாட்டைக் கைக்கொண்டு வருகின்றன. கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞர்களைக் கழகங்கள் போட்டியிட்டு இழுத்துக்கொள்ளலாகாது. வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கவேண்டும். சென்ற ஆண்டில் கடைசி இடத்தைப் பெற்ற கழகத்துக்கு முதல் உரிமை. வாகை சூடிய கழகத்துக்குக் கடைசி உரிமை. இதனை அவர்கள் டிராஃப்ட் என்பர். நாம் இதனைத் தேர்வுமுறை என்றும், ஒவ்வொரு கழகத்துக்கும் கிடைக்கும் முறையைத் தேர்வுரிமை என்றும் சொல்லிக்கொள்வோம். நலிந்தோரைத் தூக்கிவிட்டு எல்லாக் கழகங்களையும் ஓரளவு சமநிலையில் வைப்பதே இதன் நோக்கம்.

இத்தேர்வுரிமைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதனைக் கைமாற்றலாம். "எனக்கு இன்று ஒரு நல்ல ஆட்டக்காரரைத் தாருங்கள், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எனக்குரிய முதற்சுற்று உரிமையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கழகம் மற்றொன்றுடன் பேரம் பேசலாம். அதாவது, எதிர்காலமே அங்கு நாணயமாகப் புழங்குகின்றது. ஆயின் அந்நாணயம் செல்லாக்காசாகவும் போகக்கூடும். 1936ஆம் ஆண்டில் நடந்த முதல் தேர்விலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவர் தொழில்முறைக் கழகம் எதற்கும் ஒரு நாளும் ஆடவில்லை. முதலில் நட்ட விதையே முளைக்காமற் போயிற்று.

இதற்கு நேர்மாறான வெற்றிக்கதை 1989ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. டல்லாஸ் நகரத்துக் கௌபாய்ஸ் கழகம் அப்பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றுக் கிடந்தது. அக்கழகத்தில் பெயர் சொல்லத்தக்கவர் ஹெர்ஷல் வாக்கர் ஒருவரே. அவரை அக்டோபர் மாதத்தில் மினசோட்டா கழகத்துக்குக் கொடுத்துவிட்டார் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன். ஈடாக ஐந்து ஆட்டக்காரர்களும், அவர்களை நீக்கினால் அவரவர்க்கு ஈடாகத் தேர்வுரிமைகளும் என்று உடன்பாடு எழுதப்பட்டது. ஆட்டக்காரர்களை டல்லாஸ் வைத்துக்கொள்ளும் என்று மினசோட்டா எண்ணியது. ஜான்சனின் கண்ணோ தேர்வுரிமைகளின்மேல் இருந்தது. முடிவில் அவருக்கு மினசோட்டாவின் முதற்சுற்று உரிமைகள் மூன்றும் இரண்டாம் சுற்று உரிமைகள் மூன்றும், அவற்றுக்கு மேலும் சிலவும் கிடைத்தன.

அவ்வாண்டு டல்லாஸ் ஆடிய பதினாறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. ஊர் சிரித்தது. ஆனால் அவ்வுரிமைகளைக் கொண்டும், அவற்றை மேலும் பரிமாறியும் எம்மிட் ஸ்மித் முதலிய இளைஞர்களை ஜான்சன் சேர்த்தார். பந்தை ஏந்தி ஓடுவதில் அந்நாட்டின் எல்லாக் காலத்துச் சாதனையையும் பிற்காலத்தில் முறியடித்தவர் அந்த ஸ்மித். 1992, 1993, 1995 ஆகிய பருவங்களில் டல்லாஸ் முதற்பரிசைத் தட்டிச் சென்றது. வாக்கரைப் பெற்ற மினசோட்டாவோ இறுதிப் போட்டியை எட்டவேயில்லை.

இக்கதையைக் கேட்டவுடன் புகழாளரைக் கொடுப்பதே எப்போதும் சிறந்த வழி என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேர்ந்தெடுக்கப்படும் இளைஞர் பத்துப் பேரில் ஒருவர் உயர்ந்த ஆட்டக்காரராக மலர்வார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புகழாளரைக் கொடுத்து மூன்று தேர்வுரிமைகளைப் பெற்றால், அம்மூவரில் ஒருவரேனும் அவ்வாறு மலரும் வாய்ப்பு நூற்றுக்கு 27தான். ஆறு உரிமைகள் பெற்றாலுங்கூட அவ்வாய்ப்பு நூற்றுக்கு 47ஐத் தாண்டாது. உறுதியாகக் கையிலிருக்கும் ஒன்றைக் கொடுத்துப் பாதிக்கும் குறைவான வாய்ப்பை வாங்குகின்றோம் என்பது பொருள். எட்டாத பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்று நம் பெரியோர் சொன்னதும் இதனைத்தான்.

அவ்வாறாயின் கழகங்கள் ஏன் இப்பேரத்தில் இறங்குகின்றன? கணக்கின் மறுபக்கத்தில் மூன்று இனங்கள் உள்ளன. முதலாவது, ஊதியம். அமெரிக்க ஏற்பாட்டில் முதற்சுற்று இளைஞருக்கு முதல் நான்கு ஆண்டுகளின் ஊதியம் ஏறத்தாழ வரையறுக்கப்பட்டது. புகழாளருக்கோ அதனைப்போற் பன்மடங்கு தரவேண்டும். கழகம் முழுமைக்கும் ஊதிய உச்சவரம்பு இருப்பதால், ஒருவருக்குக் கூட்டினால் மற்றவருக்குக் குறையும். இரண்டாவது, காலம். இருபத்தொரு வயது இளைஞரின் சிறந்த ஆண்டுகள் இனிமேல் வரவேண்டியவை. முப்பத்திரண்டு வயதினரின் சிறந்த ஆண்டுகளோ பெரும்பாலும் கழிந்தவை. மூன்றாவது, ஒப்பந்தத்தின் எல்லை. அடுத்த ஆண்டே விலகிச் செல்லக்கூடியவரைக் கையிலுள்ள களாக்காய் என்று சொல்வதற்கில்லை. அது கிளையிலிருந்து உதிரப்போகும் காய்.

பொருளாதார அறிஞர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர். 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ரிச்சர்டு தேலர், கேட் மாசி என்பவருடன் சேர்ந்து இத்தேர்வுரிமைகளின் விலையைக் கணக்கிட்டார். கழகங்கள் மிகவும் மோகங்கொண்டு வாங்கும் முதலிடத்து உரிமைகள் அவற்றின் பயனுக்கு மிஞ்சிய விலை பெறுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரே வகை ஆட்டத்துக்கு முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 52 அளவே என்றும் கண்டனர். காசைச் சுண்டிப்போட்டுப் பார்ப்பதைவிட இது சிறிதளவே மேல். ஆதலால், ஒரே ஓர் உயர்ந்த உரிமையைப் பெறுவதைவிடச் சற்றுத் தாழ்ந்த உரிமைகள் பலவற்றைப் பெறுவது நலம் என்பது அவர்களுடைய ஆய்வு தரும் பாடம். ஒரே குழியில் எல்லா விதையையும் கொட்டாமல் பரவலாகத் தெளிப்பது போன்றது அது.

டல்லாஸ் கழகமே முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இப்பேரத்தில் இறங்கிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மைக்கா பார்சன்ஸ் என்னும் தலைசிறந்த தடுப்பாட்டக்காரரைக் கிரீன்பே கழகத்துக்குக் கொடுத்து, முதற்சுற்று உரிமைகள் இரண்டையும் கென்னி கிளார்க் என்ற ஆட்டக்காரரையும் பெற்றது. டிசம்பர் மாதத்தில் பார்சன்ஸின் முழங்கால் தசைநார் அறுந்து அவருடைய பருவம் முடிந்தது. அறிந்த பொருளை வாங்கினோம் என்று எண்ணுவோருக்கும் ஆபத்து உண்டு என்பதை இது காட்டும். மனித உடல் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடிய செல்வமன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கால்பந்தில் இந்தியன் சூப்பர் லீக் போட்டிக்காக உள்நாட்டு ஆட்டக்காரர்களை இவ்வாறு முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு சிலகாலம் இருந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் மும்பையிலேயே அத்தேர்வு நடந்தது. கேரளத்தைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடி ரூபாய்க்கு ஜாம்ஷெட்பூர் கழகம் எடுத்தது. அம்முறை அதன்பின் நிலைக்கவில்லை. கழகங்கள் ஆட்டக்காரர்களுடன் நேராக ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஐரோப்பிய வழக்கமே நிலைபெற்றது. அவ்வழக்கத்தில் தேர்வுரிமைக்குப் பதிலாகப் பணம் கைமாறும். 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் கூட்டினோ என்னும் பிரேசில் வீரரைப் பார்சிலோனாவுக்குப் பெருந்தொகைக்கு விற்றது. வான் டைக் என்னும் தடுப்பாளரையும் அலிசன் என்னும் இலக்குக் காவலரையும் அவ்வாண்டிலேயே சேர்த்துக்கொண்டு, 2019இல் ஐரோப்பியக் கோப்பையையும் 2020இல் நாட்டுக் கோப்பையையும் வென்றது. தன் குறை எது என்பதை முன்னரே அறிந்திருந்ததால் லிவர்பூல் பணத்தைப் பயன்படுத்த முடிந்தது.

கிரிக்கெட்டில் நம் நாட்டு ஐ.பி.எல். போட்டிக்குத் தேர்வுமுறை கிடையாது, ஏலமே உண்டு. ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடத்தக்க தொகைக்கு ஓர் எல்லை வகுத்துள்ளனர். ஆகவே ஒருவரை விட்டுக்கொடுத்தால், அவருக்காக ஒதுக்கிய தொகை ஏலப்பையில் திரும்பவும் வந்து சேரும். அமெரிக்கருக்குத் தேர்வுரிமை எதுவோ, அதுவே நமக்கு ஏலப்பையில் மிஞ்சும் தொகை. இவ்வுண்மையை மனத்தில் கொண்டால் மும்பை நகரை உலுக்கிய ஒரு பரிமாற்றத்தின் உட்பொருள் விளங்கும்.

ஹார்திக் பாண்டியாவை 2015ஆம் ஆண்டில் மும்பை அணி வெறும் 10 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அவ்வணி நான்கு முறை கோப்பை வென்றபோது அவர் அதில் இருந்தார். 2022ஆம் ஆண்டுக்கு முன் நால்வரையே வைத்துக்கொள்ளலாம் என்ற விதியால் மும்பை அவரை விட்டது. புதிதாகத் தோன்றிய குஜராத் அணி அவரை 15 கோடிக்கு எடுத்துத் தலைவராக்கியது. முதல் ஆண்டிலேயே குஜராத் கோப்பை வென்றது. 2023இல் இறுதியாட்டத்தில் சென்னையிடம் தோற்றது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் மும்பை அவரை முற்றிலும் பணப் பரிமாற்றமாக மீட்டுக்கொண்டது. அவருக்கு இடம் செய்யும் பொருட்டு ஆஸ்திரேலியரான கேமரன் கிரீன் 17.50 கோடி ஊதியத்துடன் பெங்களூரு அணிக்குச் சென்றார்.

ஏலப்பைக் கணக்கைப் பாருங்கள். மும்பையிடம் 15.25 கோடி இருந்தது. கிரீன் சென்றதால் 17.50 கோடி வரவு. பாண்டியா வந்ததால் 15 கோடி செலவு. மீதி 17.75 கோடி. அதாவது ஒரு பல்துறை ஆட்டக்காரரைக் கொடுத்து மற்றொருவரைப் பெற்றும் இரண்டரைக் கோடி மிச்சம். குஜராத்தின் பையோ 23.15 கோடியிலிருந்து 38.15 கோடியாகப் பருத்தது. ஏட்டுக் கணக்கில் இருவருக்கும் ஆதாயம்.

களத்தில் நடந்தது வேறு. 2023 டிசம்பரில் ரோகித் சர்மாவுக்குப் பதிலாகப் பாண்டியா மும்பையின் தலைவரென அறிவிக்கப்பட்டார். ஐந்து கோப்பைகள் வென்று தந்த தலைவரை அகற்றியதை மக்கள் ஏற்கவில்லை. 2024ஆம் ஆண்டில் சொந்த அரங்கமான வாங்கடேயிலேயே பாண்டியாவை எதிர்த்துக் கூச்சல் எழுந்தது. பதினான்கு ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்ற மும்பை கடைசி இடத்தைப் பெற்றது. ஏலப்பையில் மிச்சமான இரண்டரைக் கோடியை எந்தத் தலைப்பில் எழுதினாலும் இந்த இழப்பு ஈடாகாது. ஓர் அணியின் ஒற்றுமை ஏட்டில் இடம்பெறாத முதல். அதனைச் செலவிட்டபின்னரே அதன் மதிப்புத் தெரியவருகின்றது. மறு ஆண்டில் அதே தலைவரின் கீழ் அவ்வணி நான்காம் இடத்தைப் பெற்று அடுத்த சுற்றுக்கு முன்னேறியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பணத்தைப் பெற்ற குஜராத் என்ன செய்தது? ஸ்பென்சர் ஜான்சனை 10 கோடிக்கும், தமிழ்நாட்டு ஷாருக்கானை 7.40 கோடிக்கும், ராபின் மின்ஸ் என்னும் இளைஞரை 3.60 கோடிக்கும் எடுத்தது. மின்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமுற்று அவ்வாண்டு ஆட இயலாதவரானார். குஜராத் எட்டாம் இடத்துக்கு இறங்கியது. ஆனால் 2025இல் அதே அணி மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அதற்குப் பெருங்காரணமானவர் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன். அவ்வாண்டுப் போட்டியில் 759 ரன்கள் குவித்து அனைவரினும் முதல்வராக நின்றார். அவரைக் குஜராத் அணி 2022ஆம் ஆண்டில் எடுத்த விலை 20 லட்சம் ரூபாய். பாண்டியாவுக்கு ஈடாக வந்த பெரும்பணம் முளைக்கவில்லை. வீட்டின் மூலையில் முன்னரே ஊன்றியிருந்த சிறுவிதை மரமாயிற்று. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. எத்தனை உரிமை, எவ்வளவு பணம் என்பதைக் காட்டிலும், யார் தேர்ந்தெடுக்கின்றார் என்பதே பெரிது. நல்ல கண்ணுடையவனுக்கு 20 லட்சம் போதும். அஃதில்லாதவனுக்கு 20 கோடியும் போதாது.

சென்னை அணியின் பரிமாற்றம் வேறு வகையானது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைச் சென்னை பெற்றது. ஜடேஜா 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் பத்து ரன்கள் அடித்துக் கோப்பையைக் கொணர்ந்தவர். அவரைக் கொடுத்தது மாட்டுங்காவிலும் தாராவியிலும் உள்ள சென்னை அன்பர்களுக்கு எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் எண்களைப் பாருங்கள். ஜடேஜாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது நிறையச் சில வாரங்களே இருந்தன, சாம்சனுக்கு முப்பத்தொன்று. சென்னை அவ்வாண்டுப் போட்டியில் கடைசி இடத்தில் முடிந்திருந்தது. அடுத்த மாதம் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஒருமுறையும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களை ஒவ்வொருவருக்கும் 14.20 கோடி கொடுத்துச் சென்னை எடுத்தது. இந்திய அணிக்கு ஆடாதவர்க்கு அதுவரை அத்தகைய விலை தரப்பட்டதில்லை. அனுபவத்தையே நம்பி வந்த அணி அன்று விதைநெல்லை நாடியது. ஆனால் விதைக்கு அது கொடுத்த விலை அரிசி விலையினும் மிகுதி. மலிவாகக் கிடைப்பதே இளமையின் முதல் ஆதாயம் என்று மேலே கண்டோம். அந்த ஆதாயத்தை ஏலமுறை பறித்துவிடுகின்றது. ஊதியத்தை வரையறுக்கும் தேர்வுமுறைக்கும், வேகத்தில் விலையேறும் ஏலமுறைக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

விலை மதிப்பிடுவதில் பெரிய அணிகளும் எவ்வளவு தடுமாறுகின்றன என்பதற்கு நம் செம்பூரிலேயே சான்று உண்டு. செம்பூரையடுத்த அணுசக்தி நகர்ப் பகுதியில் வளர்ந்தவர் சூர்யகுமார் யாதவ். மும்பை அணி அவரைத் தொடக்கத்திலேயே சேர்த்திருந்தும் 2012ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் மட்டும் ஆடவிட்டது. அதில் அவர் ரன் எதுவும் எடுக்கவில்லை. 2014இல் அவர் கொல்கத்தா அணிக்குச் சென்றார். அங்கும் நான்கு ஆண்டுகளுக்குப்பின் விடுவிக்கப்பட்டார். 2018ஆம் ஆண்டு ஏலத்தில் மும்பை அவரை 3.20 கோடிக்கு மீண்டும் எடுத்தது. அதன்பின் அவர் அவ்வணியின் தூணாக நின்றதும், 2024இல் இந்திய இருபது ஓவர் அணியின் தலைவரானதும் யாவரும் அறிந்தவை. முதன்முறை கையிலிருந்தபோது மும்பையும், அடுத்துக் கொல்கத்தாவும் அவ்விதை முளைக்கும்வரை காத்திருக்கவில்லை. இளைஞரைப் பெறுவது பாதி வேலை. பொறுமையுடன் அவர் முதிரும் வரை வைத்திருப்பது மறுபாதி.

தாராவியில் பிறந்து வளர்ந்த சிம்ரன் ஷேக்கின் வரலாறும் இத்தகையதே. பெண்கள் பிரீமியர் லீக்கின் முதல் ஆண்டான 2023இல் உத்தரப் பிரதேச அணி அவரை 10 லட்சத்துக்கு எடுத்துப் பின்னர் விடுத்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பெங்களூரில் நடந்த ஏலத்தில் குஜராத் அணி அவரை 1.90 கோடிக்கு எடுத்தது. அன்றைய ஏலத்தில் அதுவே மிக உயர்ந்த விலை. அதே ஏலத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த பதினாறு வயது கமலினியை மும்பை அணி 1.60 கோடிக்கு எடுத்தது. ஈராண்டுக்குள் ஒருவருடைய விலை பத்தொன்பது மடங்காக மாறுகின்றது என்றால், விலை என்பது ஆட்டக்காரரின் திறத்தை மட்டும் காட்டுவதன்று; வாங்குபவரின் தேவையையும் அறிவையும் அறியாமையையும் சேர்த்தே காட்டுகின்றது என்பது தெளிவு.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது, ஒரு பரிமாற்றத்தை நிறுத்துப் பார்க்க நான்கு படிக்கற்கள் நமக்குக் கிடைக்கின்றன.

முதலாவது, அணி எந்நிலையில் இருக்கின்றது என்பது. கோப்பைக்கு ஒரு படி கீழே நிற்கும் அணி புகழாளரைக் கொடுப்பது, அறுவடைக்கு முந்திய வாரத்தில் உழவு மாட்டை விற்பதற்கு ஒப்பாகும். 1989இல் டல்லாஸ் அந்நிலையில் இல்லை. வாக்கர் இருந்தபோதே தோற்றுக்கொண்டிருந்தது. அவரில்லாமலும் தோற்கலாம் என்று அது துணிந்ததில் நியாயம் உண்டு.

இரண்டாவது, அந்த ஆட்டக்காரர் இன்னும் எத்தனை ஆண்டு பயன்படுவார், எத்தனை ஆண்டு நம்முடன் இருப்பார் என்பது. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கணக்கில் கொள்ளத்தக்கது. பத்தாண்டு ஆடக்கூடியவரேனும் ஓராண்டில் விலகுவாராயின், நம் கையிலுள்ளது ஓராண்டே.

மூன்றாவது, பெறுகின்றவற்றைத் தேர்ந்தெடுக்கவும் வளர்க்கவும் நம்மிடம் தக்கவர் உளரா என்பது. இவ்வினத்திலேயே பெரும்பாலான அணிகள் இடறுகின்றன. உரிமையைப் பெற்றுவிட்டால் அதுவே ஆட்டக்காரர் ஆகிவிடும் என்று மயங்குவது பெருந்தவறு.

நான்காவது, போகின்றவருடன் வேறு என்ன போகின்றது, வருகின்றவருடன் வேறு என்ன வருகின்றது என்பது. அணியின் ஒற்றுமை, மக்களின் பற்று, இளையவர்க்கு மூத்தவர் கற்பிக்கும் பாடம் ஆகியவற்றுக்கு ஏலத்தில் விலை கூறுவாரில்லை. ஆயினும் அவை போனபின் ஆட்டம் தளர்வதை 2024ஆம் ஆண்டு மும்பையில் கண்டோம்.

இந்நான்கையும் நிறுத்தபின்னும் முடிவு தவறிப் போகலாம். அதனால் நிறுத்தது தவறு ஆகிவிடாது. மழை பெய்யாத ஆண்டில் விதைத்தவனை மூடன் என்று சொல்வதில்லை; மழைக்குறி பாராமல் விதைத்தவனையே அவ்வாறு சொல்வோம். ஒரு பரிமாற்றத்தை ஒரு பருவத்தின் வெற்றி தோல்வியைக் கொண்டு மதிப்பிடுவதும் இதுபோன்ற பிழையே. டல்லாஸ் ஒன்றுக்குப் பதினைந்து என்று தோற்ற ஆண்டில் தீர்ப்புக் கூறியிருந்தால், ஜான்சனை ஊரைவிட்டே துரத்தியிருப்பர்.

இறுதியாக ஒன்று. இப்பரிமாற்றங்களில் கைமாறுபவை நெல்லும் மாடும் அல்ல; மனிதர்கள். வேறு நகரத்துக்கு அனுப்பப்படுபவருக்குக் குடும்பம் உண்டு. அவரை வரவேற்கும் அரங்கத்தின் மனநிலை அவருடைய கையில் இல்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் வாங்கடே அரங்கம் பாண்டியாவை இகழ்ந்து கூச்சலிட்டது. ஜூன் 29ஆம் நாள் பார்படோஸ் தீவில் நடந்த உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் கடைசி ஓவரை வீசியவர் அவர். அதன் முதற்பந்தில் எல்லைக்கோட்டின் ஓரத்தில் மில்லரின் அடியைப் பிடித்தவர் செம்பூர்ச் சூர்யகுமார். ஏழு ரன்களில் இந்தியா வென்றது. ஜூலை 4ஆம் நாள் அதே வாங்கடே அரங்கத்தில் திரண்ட மக்கள் பாண்டியாவின் பெயரைச் சொல்லி வாழ்த்தினர். இடையில் கழிந்தவை மூன்று திங்கள்களே. அவரை மும்பைக்குக் கொணரும் முடிவை எடுத்தவர்கள் அணியின் நிருவாகிகள். வசவைச் சுமந்தவர் ஆட்டக்காரர்.

ஆகவே, அடுத்த நவம்பரில் நம் வீட்டுக் கூடத்தில் "ஏன் கொடுத்தார்கள்?" என்ற கேள்வி எழும்போது, தகப்பனாரும் பிள்ளைகளும் இந்நான்கு படிக்கற்களையும் தராசில் இட்டுப் பார்க்கலாம். நிருவாகிகளின் கணக்கு தவறு என்று தோன்றினால் அவர்களைத் தாராளமாகக் கண்டிக்கலாம். அக்கண்டனம் களத்தில் இறங்கி ஆடும் இளைஞரின்மேல் விழாமல் பார்த்துக்கொள்வது நம் கடமையாகும்.